டிவிடி பேர்ன் பண்ணும்போது சி டிரைவ் நிரம்புகிறதா? தற்காலிகப் பைல்களை டி டிரைவுக்கு மாற்றும் முறை

கேள்வி: களுவாஞ்சிகுடியில் சிறிய வீடியோ ஸ்டூடியோ ஒன்று நடத்துகிறேன். கல்யாணம், சாமத்திய வீடு, அம்மன் சடங்கு வீடியோக்களை டிவிடியில் போட்டுக் கொடுப்பது வேலை. கொம்பியூட்டரில் விண்டோஸ் 10. சி டிரைவ் 120 ஜிபி எஸ்எஸ்டி, டி டிரைவ் தனியாக 1 டிபி ஹார்ட் டிஸ்க். பேர்ன் பண்ண, அதாவது டிஸ்க்கில் எரித்துப் பதியப் போனால் சி டிரைவில் இடம் போதாது என்று வருகிறது. டி டிரைவோ பாதிக்கு மேல் வெறுமையாக இருக்கிறது. பேர்ன் பண்ணும் தற்காலிகப் பைல்களை டி-க்கு மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். எந்த மென்பொருளால் பேர்ன் பண்ணுகிறீர்களோ, அதற்குரிய இடத்தில்தான் மாற்ற வேண்டும். விண்டோஸில் மாற்றிவிட்டு நீரோ என்ற பேர்னிங் மென்பொருளில் பேர்ன் பண்ணினால் ஒரு பலனும் இல்லை. இரண்டும் வெவ்வேறு போல்டர்களைப் பயன்படுத்துகின்றன.

முதலில் விண்டோஸின் சொந்த வசதியை எடுத்துக்கொள்வோம். வெற்று டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் இரண்டு வழிகளைக் காட்டும். யூஎஸ்பி போலப் பயன்படுத்துவது ஒன்று. சிடி, டிவிடி பிளேயரில் பயன்படுத்துவது மற்றது. முதலாவதில் பைல் நேரே டிஸ்க்குக்குப் போய்விடும். இரண்டாவதுக்கு ‘மாஸ்டர்ட்’ என்று பெயர். வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்கு ஏற்றது இதுதான். ஆனால் நீங்கள் இழுத்துப் போடும் ஒவ்வொரு பைலுக்கும் ஒரு முழுப் பிரதி, சி டிரைவில் உங்கள் யூசர் போல்டருக்குள் மறைந்திருக்கும் ‘பேர்ன்’ என்ற போல்டரில் சேரும். மூலப் பைல் டி-யில் இருந்தாலும் பிரதி சி-யில்தான். உங்கள் இடம் போவது இப்படித்தான்.

மாற்றுவதற்கு முன் அங்கே தேங்கிக் கிடப்பதை அகற்றுங்கள். திஸ் பிசியைத் திறந்து டிவிடி டிரைவில் ரைட் கிளிக் செய்தால், எரிக்கப்படாத பைல்கள் இருக்கும்போது ‘டிலீட் டெம்பரரி பைல்ஸ்’ என்று ஒரு வரி வரும். அது வராவிட்டால் விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கில எழுத்துகளில் ஷெல், இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி, அதை ஒட்டி சிடி, ஓர் இடைவெளி, பேர்னிங் (shell:cd burning) என்று தட்டுங்கள். போல்டர் திறக்கும். உள்ளே இருப்பதை மட்டும் அழியுங்கள். போல்டரையே அழிக்கவோ, கட் பண்ணி டி-யில் ஒட்டவோ வேண்டாம். அப்படி ஒட்டினால் விண்டோஸுக்குப் புதிய இடம் தெரியாது.

இப்போது அதே டிவிடி டிரைவில் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், ‘ரெக்கோர்டிங்’ டேப். தற்காலிகப் பைல்களை வைக்கும் டிரைவைத் தெரிவுசெய்ய அங்கே ஒரு பட்டியல் இருக்கும். டி-யைத் தெரிந்து, அப்ளை, ஓகே. ரீஸ்டார்ட் தேவையில்லை. மாறிவிட்டதா என்று பார்க்க வெற்று டிஸ்க்கைப் போட்டு மாஸ்டர்ட் வழியைத் தெரிந்து, 1 ஜிபி அளவான ஒரு பைலை இழுத்துப் போடுங்கள். டி-யில் இடம் குறைந்து சி அப்படியே இருந்தால் சரி. பிறகு அந்தத் தற்காலிகப் பைலை அழித்துவிடலாம். ‘பேர்ன்’ அழுத்தும் வரை டிஸ்க்கில் எதுவும் பதியாது, ஆகவே டிஸ்க் வீணாகாது.

இந்த அமைப்பு ஒவ்வொரு யூசர் கணக்குக்கும் தனி. உதவிக்கு வருபவர் வேறு கணக்கில் வேலை செய்தால் அங்கும் மாற்றுங்கள். ரெக்கோர்டிங் டேப்பே இல்லையென்றால், அந்த டிரைவ் வாசிக்க மட்டுமே கூடியதாக இருக்கலாம்.

டி டிரைவின் பார்மட்டையும் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்குகள் சில ஃபாட்32-இல் இருக்கும். அது 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே பைலை ஏற்காது. டி-யில் நிறைய இடமிருந்தும் பெரிய வீடியோ பைல் போகாமல் நின்றால் காரணம் இதுதான். என்டிஎப்எஸ் ஆக மாற்றவேண்டும், அதற்கு முன் முக்கியமானவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

நீரோ பேர்னிங் ரோமில் பைல் மெனு, ஒப்ஷன்ஸ், ‘கேஷ்’ டேப். பாதையை டி-யில் ஒரு போல்டருக்கு மாற்றுங்கள். மெனுவோடு கூடிய வீடியோ டிவிடி செய்யும் மென்பொருள்களில் இடம் இன்னும் கூடுதலாகப் போகும். வீடியோவை எம்பெக்-2 என்ற டிவிடிக்குரிய வடிவத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டுதான் அவை டிஸ்க்கில் எழுதுகின்றன. அவற்றின் செட்டிங்ஸில் டெம்பரரி அல்லது வேர்க்கிங் போல்டர் என்று தேடுங்கள். விண்டோஸின் பொதுவான தற்காலிகப் போல்டரான டெம்ப்பின் பாதையையே மாற்றும் வழியும் உண்டு. அது எல்லா மென்பொருளையும் பாதிக்கும் என்பதால் கடைசியாக மட்டுமே.

எவ்வளவு இடம் விடுவது? 4.7 ஜிபி டிவிடியை விண்டோஸ் 4.38 ஜிபி என்றும், 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க்கை 7.95 ஜிபி என்றும் காட்டும். டிஸ்க் அளவின் இரண்டு மடங்கை விட்டுவைத்தால் தடங்கல் வராது.

உங்களுடைய டி தனி ஹார்ட் டிஸ்க் என்பது நல்லது. ஒரே ஹார்ட் டிஸ்க்கைச் சி, டி என்று பிரித்து வைத்திருப்பவர்களுக்கு இடப் பிரச்சினைதான் தீரும், வேகம் கூடாது. டிவிடியின் எழுதும் வேகத்தில் 1எக்ஸ் என்பது செக்கனுக்கு 1.385 எம்பி, 16எக்ஸ் என்றால் ஏறக்குறைய 22 எம்பி இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் தனியாக இதைத் தாராளமாகக் கொடுக்கும். அதே டி-யிலிருந்து எடிட்டிங், ரெண்டர் எல்லாம் ஓடினால் அதன் ஹெட் அங்குமிங்கும் அலைந்து, ஓட்டம் தடைப்படும். டிரைவ் நிறுத்தி நிறுத்தி எழுதும், சில டிஸ்க்குகள் பழைய பிளேயரில் திக்கும். ஆகவே பேர்ன் ஓடும்போது ரெண்டரை நிறுத்துங்கள், வேகத்தை 8எக்ஸில் வையுங்கள். தற்காலிகப் போல்டரை யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் வைப்பதையும் தவிருங்கள். வெளி டிவிடி டிரைவும் அதே ஹப்பில் இருந்தால் இரண்டும் ஒரே வழியைப் பங்கிட்டுக்கொள்ளும்.

மாரி காலத்தில் மின்சாரம் நடுவில் போனால் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய அந்த டிவிடி-ஆர் போனதுதான், யூபிஎஸ் இருந்தால் அது தப்பும். தற்காலிகப் பைல்கள் டி-யில் அப்படியே இருக்கும், இன்னொரு டிஸ்க்கில் மீண்டும் எரிக்கலாம். ஒரே வேலைக்கு ஐந்து பிரதி வேண்டுமென்றால், முதல் டிஸ்க் முடிந்ததும் வரும் பெட்டியில் இதே பைல்களை இன்னொரு டிஸ்க்கில் எரிக்கும் கட்டத்தை டிக் பண்ணுங்கள்; திரும்ப இழுத்துப் போடத் தேவையில்லை.

வெற்றியாக முடிந்தால் விண்டோஸ் தற்காலிகப் பைல்களைத் தானே அழிக்கும். இடையில் தோற்றால் அவை தங்கிவிடும். அடுத்த கல்யாணத்தின் பைல்களை இழுத்துப் போடும்போது பழையவையும் சேர்ந்தே எரியும். ஒரு வீட்டாரின் படங்கள் இன்னொரு வீட்டாரின் டிவிடியில் போய்ச் சேரும். ஒவ்வொரு புதிய வேலைக்கும் முன் டிவிடி டிரைவைத் திறந்து, எரிக்கக் காத்திருக்கும் பைல்கள் ஏதும் உண்டா என்று பார்த்து அழித்துவிட்டே தொடங்குங்கள்.