ஊருணியில் அகப்பட்டது நம் இறாலா?

கேள்வி: காரைக்குடிக்கு அருகே எங்கள் ஊருணியில் வலை வீசியபோது, நண்டும் இறாலும் கலந்தாற்போன்ற, தடித்த கொடுக்குகளுடைய உயிரொன்று அகப்பட்டது. அது நாட்டு இனந்தானா?

பதில்: நீங்கள் வருணிப்பது கிரேஃபிஷ் எனத் தோன்றுகிறது, இந்தியாவில் அதற்கு நாட்டு இனமே கிடையாது என்பதால், அதுவாயின் வெளியிலிருந்து வந்ததே. கால்களை எண்ணிப் பாருங்கள். நம் நன்னீர் இறாலுக்கு நீண்ட கொடுக்குகள் இரண்டாம் இணைக் கால்களில் அமைந்திருக்க, கிரேஃபிஷுக்கு முதல் இணையே நண்டினுடையதுபோலப் பெருத்திருக்கும். அடுத்த இரண்டு இணைகளின் நுனியிலும் சிறு இடுக்கிகள் காணப்படும். நம் இறாலின் உடல் பக்கவாட்டில் ஒடுங்கியது. கிரேஃபிஷினுடையது உருண்டு, ஓடு கெட்டியானது.

இங்கிலாந்தில் இருப்போர்க்கு இது இத்தனை எளிதன்று. அங்கே நாட்டு இனமும் வந்தேறியான அமெரிக்க இனமும் கிரேஃபிஷ்களே என்பதால், கொடுக்கைத் திருப்பி, அடிப்புறம் வெளுத்ததா சிவந்ததா என்று பார்த்தே பிரித்தறிகிறார்கள்.

தயவுசெய்து அதைத் திரும்ப ஊருணியில் விட்டுவிடாதீர்கள். மீன்தொட்டி வணிகத்தின்வழிப் பல நாடுகளுக்குப் பரவிய பளிங்குக் கிரேஃபிஷ் என்னும் வகை, ஆண் துணையின்றி, ஒற்றைப் பெண்ணிலிருந்தே பெருகக்கூடியது. உங்களுடையது அவ்வகையாயின், மழைநீரைத் தேக்கி நம் முன்னோர் காத்த ஊருணிக்கு அந்த ஒன்றே போதிய கேடாகிவிடக்கூடும். மூடியுள்ள வாளியில் வைத்து, கொடுக்கு தெரியப் படமெடுத்து, மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டுங்கள்.