அப்பாவும் பியூஸ் கட்டையும்

வணக்கம் அண்ணே,

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா தவறி வருகிற தை மாதத்தோடு ஒரு வருஷம். காரியத்தில் உருமாத் தலைப்பாகை கட்டிய மூத்த மகன் நான். திதிக்கு முன்னால் அவரைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். படித்தால் எனக்கே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கிறது. உள்ளதை எழுதலாம் என்றால், அப்பாவும் சித்தப்பாவும் கிணற்றுப் பங்குத் தகராறில் பல வருஷம் பேசாமல் இருந்தவர்கள். அப்பா தன் முறைக்குத் தண்ணீர் பாய்ச்சி முடித்ததும் பியூஸ் கட்டையை உருவி வேட்டி மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். ஆனால் சாவு வீட்டில் பந்தல் போட்டதிலிருந்து காடு வரைக்கும் முன்னால் நின்று பார்த்தவர் சித்தப்பாதான். இப்போதுதான் ஒட்டியிருக்கிற உறவு. 'செத்தவரை ஏண்டா சந்திக்கு இழுக்கிற' என்கிறார் அத்தை. எழுதலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

எழுதுங்கள். அத்தையின் பயம் நியாயமானது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த நான்கு பக்கம். உழைப்பாளி, பாசக்காரர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் என் அப்பாவுக்கும் அது பொருந்திப் போகும். கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய பியூஸ் கட்டையில்தான் உங்கள் அப்பாவைப் பார்த்தேன். ராத்திரியில் வரப்பில் நடந்து வருகிற மனுஷன், மடியில் அந்தப் பீங்கான் கட்டை, தம்பி மோட்டார் போட்டுவிடக் கூடாது என்கிற வீம்பு, எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

போஸ்டரை நான் குறை சொல்லவில்லை. நினைவு நாளுக்கு மதுரையிலும் ஊரிலும் ஒட்டுங்கள், அது ஊர் மரியாதை, படத்தையும் பெயரையும் தேதியையும் சொன்னால் அச்சகத்தில் மிச்சத்தை அவர்களே போட்டுவிடுவார்கள். நீங்கள் எழுதுவது அதே வேலையைச் செய்ய வேண்டியதில்லை.

செத்தவரைப் பற்றி நல்லது மட்டுமே பேச வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கமே கிடையாது, ஒப்பாரியைக் கேட்டால் தெரியும். கட்டிப்பிடித்து உட்கார்ந்து அழுகிற பெண்கள் போனவரின் பெருமையையும் பாடுவார்கள், அவர் குடித்துத் தொலைத்ததையும், கொழுந்தன்மார் மதிக்காததையும், பிறந்த வீடு கைவிட்டதையும் அதே மூச்சில் பாடுவார்கள். அதைக் கேட்டு யாரும் எழுந்து போனதில்லை. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவர்ந்த சண்டையில், இறந்துபோன அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு, தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து. ஆள் யார், எந்த ஊர் ஆகோள், அவ்வளவுதான் அதில் வெட்டியிருக்கிறது. மாவீரன், வள்ளல் என்றெல்லாம் ஒரு சொல்கூட இல்லை. இன்றைக்குப் படித்தாலும் அவன் நமக்கு ஒரு ஆளாகத்தான் தெரிகிறான்.

சரி, அத்தைக்கு வருவோம். இறந்தவரை எழுதும்போது பக்கத்திலேயே உயிரோடு இருப்பவர்களும் வந்துவிடுகிறார்கள், வலிக்கப்போவது அவர்களுக்குத்தான். அப்பாவின் வீம்பை எழுத மகனுக்கு உரிமை உண்டு. சித்தப்பாவின் கடன், சித்தப்பா வீட்டுக் கல்யாண விவகாரம் இதெல்லாம் அவருடையவை, அவர் சொல்லாமல் தொடாதீர்கள். எழுதியதை வெளியிடுவதற்கு முன்னால் ஊருக்குப் போய் அவர் முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

என் அம்மா தோட்டை அடகு வைத்துவிட்டு, திருகாணி தொலைந்துபோனது என்று அப்பாவிடம் பல மாதம் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா போன பிறகு அதை எழுதி மாமாவிடம் வாசித்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'அது எனக்காக வச்சது மாப்ள, திருப்பூர்ல வேலைக்குச் சேர அட்வான்ஸ் கட்ட' என்றார். வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம். 'இதையும் எழுது' என்று சொன்னவரும் அவர்தான். உங்கள் சித்தப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. கோபப்படலாம், அந்த வரியை எடு என்றும் சொல்லலாம். எடுக்கச் சொன்னால் இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள், உறவு பெரிது. நோட்டில் மட்டும் இருக்கட்டும். திதிக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம்.

இன்னொன்று. நான்கு பக்கத்திலும் கடிதத்திலும் உங்கள் அம்மா ஒரு இடத்தில்கூட இல்லை. ஆம்பிளைகள் பேசாமல் இருந்த அத்தனை வருஷமும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் குழம்புக் கிண்ணம் போய் வந்ததா, நின்றுபோனதா, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் யார் யார் வீட்டுக்கு ஓடினார்கள் என்பதெல்லாம் அவருக்கும் சித்திக்கும்தான் தெரியும். சித்தப்பாவிடம் வாசிக்கப் போவதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்.