நாற்காலிக்கு 68,000 ரூபாயா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரே ஒரு படுக்கையறை உள்ள வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை, மாதம் 24,000. நான் தையல் கம்பெனியில் 11,000 வாங்குகிறேன். மகள் பி.காம். முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுத வேண்டும் என்கிறாள். வீட்டில் டிவி, தம்பியின் சத்தம், மாமியாரின் இருமல். உட்கார்ந்து படிக்க இடமில்லை. என் நாத்தனார் வீட்டுக்காரர் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்க்கச் சொல்கிறார். ஓராண்டுக்கு 68,000. 'வட்டியே இல்லாத இஎம்ஐ, அண்ணன் பார்த்துக்கிறேன், நீ கையெழுத்து மட்டும் போடு' என்கிறார். ஏற்கெனவே பையனுக்கு அவர் வாங்கித் தந்த டேப்லெட் பாடத்துக்கு மாதம் 2,900 கட்டுகிறேன், இன்னும் ஏழு தவணை இருக்கிறது. மகளிர் குழுக் கடன் வாரம் 750. அதில் 20,000 அவர் தேவைக்காக எடுத்துக் கொடுத்தது. இரண்டு வருடத்துக்கு முன் நாத்தனார் மகள் சடங்குக்குச் சீர் செய்ய, செயினை 90,000-க்கும் வளையலை 60,000-க்கும் அடகுக் கடையில் வைத்தோம். நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. என் பெயரில் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி-யில் 62,000 இருக்கிறது, மாதம் 2,000 போகிறது. அதை எடுத்துக் கோச்சிங்குக்குக் கட்டலாமா, அல்லது இஎம்ஐ போடலாமா? படிப்பு விஷயம் என்பதால் மறுக்க மனம் வரவில்லை.

பதில்: இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

சேமிக்க வேண்டும், வட்டி ஏறும் என்பதெல்லாம் 35,000 ரூபாயில் ஐந்து பேர் குடும்பத்தை ஓட்டும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறைதான் ஒன்று கண்ணில் பட்டது. டேப்லெட், குழுக் கடன், நகைக் கடன், இப்போது கோச்சிங். நான்கிலும் ஒரே வீடு வருகிறது. சீர் செய்தது தாய்மாமன் கடமை, அதில் நான் தலையிட மாட்டேன். மற்ற மூன்றிலும் 'படிப்பு' என்றோ 'அவசரம்' என்றோ ஒரு சொல் வருகிறது, உடனே உங்கள் பேனா திறந்துவிடுகிறது. உங்கள் சம்பளத்தைத் தின்பது அந்தக் கையெழுத்துதான்.

கணக்கை உத்தேசமாகப் போடுவோம். டேப்லெட் 2,900. அடகு வட்டி 3,000. குழுவுக்கு வாரம் 750 என்றால் மாதம் 3,250. மொத்தம் 9,150, வருமானத்தில் கால் பங்குக்கு மேல். கோச்சிங் தவணை சுமார் 5,700 சேர்ந்தால் 14,850. நூறு ரூபாயில் 42 ரூபாய் கடனுக்கே போய்விடும். அதற்குமேல் வாடகை, கேஸ், மாமியார் மருந்து.

வட்டியில்லா இஎம்ஐ என்பதை நான் நம்புவதில்லை. மொத்தமாகக் கட்டுகிறேன் என்று பேரம் பேசிப் பாருங்கள், 68,000 எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். அந்த வித்தியாசம்தான் வட்டி. அதோடு செயலாக்கக் கட்டணம், தவணை தவறினால் அபராதம். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பாடம் நடத்துகிறவர் வேறு, கடன் கொடுக்கிறவர் வேறு. மூன்றாம் மாதம் 'எனக்கு அங்கே ஒத்து வரவில்லை' என்று மகள் நின்றுவிட்டாலும் கடன் நிற்காது. பையன் டேப்லெட்டைத் திறந்து எத்தனை நாள் ஆகிறது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே. தவணை மட்டும் தேதி தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது, இல்லையா?

சரி, மகள் விஷயத்துக்கு வருவோம். டிவி, தம்பி, இருமல், இடமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாடம் புரியவில்லை என்று ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது தேவை ஒரு நாற்காலி, மேலே ஒரு ஃபேன், பேசாத நான்கு பேர். அதற்கு 68,000 அதிகம்.

குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும். 200 கேள்வி, 300 மதிப்பெண், நேர்முகத் தேர்வு கிடையாது. அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுத்தால்தான் மீதிப் பகுதியையே திருத்துவார்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு வேர் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. போட்டித் தேர்வு நூல்கள் உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் தனி அலமாரியாகவே இருக்கும்.

போன மாதம் ஒரு வேலையாக வட சென்னைப் பக்கம் வந்தபோது ஒரு கிளை நூலகத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாசலில் வரிசையாகச் செருப்புகள். நாளிதழ் மேசையில் நான்கு பெரியவர்கள் ஒரே தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு கைமாற்றிக் கொண்டிருந்தார்கள். உள்ளே நீள மேசையில் ஏழெட்டுப் பெண்கள், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், பழைய வினாத்தாள் கட்டு. சுவரில் இருந்த ஒரே பிளக் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஐந்து போன்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு பெண் நடப்பு நிகழ்வுகளைச் சத்தம் வராமல் உதடசைத்துப் படிக்க, எதிரே இருந்தவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். மதியம் இரண்டு மணிக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை. காசு கட்டிச் சேர்ந்த வகுப்புகளில் கடைசி பெஞ்ச் அந்த நேரத்தில் தூங்கும்.

எல்லாக் கிளைகளும் அப்படி இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் ஒரே அறை, சில பகுதி நேர நூலகங்கள், சில இடங்களில் கழிப்பறை கேட்காதீர்கள். அதனால் முதலில் நீங்களும் மகளும் சேர்ந்து போய்ப் பாருங்கள். ஃபேன், வெளிச்சம், கழிப்பறை, மூடும் நேரம், அங்கே உட்கார்ந்திருக்கும் பிற பெண்கள், இவ்வளவும் பார்த்தால் போதும். கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பது உங்களைப் போல வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி.

உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவர உறுப்பினராக வேண்டும். அதற்கான காப்புத் தொகையும் சந்தாவும் சேர்த்தாலே ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்குள் அடங்கிவிடும். காப்புத் தொகை விலகும்போது திரும்பவும் கிடைக்கும். நூலகரிடம் கூச்சப்படாமல் பேசச் சொல்லுங்கள். எந்தப் புத்தகம் இல்லை, எது வேண்டும் என்று வாசகர்கள் கேட்டால்தான் அவருக்கும் மேலே எழுதிக் கேட்க வழி. வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பல கிளைகளில் அதன் வழியாகத்தான் மாதிரித் தேர்வு, விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லல், ஓவியம் எல்லாம் நடக்கின்றன. பையனை ஞாயிற்றுக்கிழமை அங்கே அனுப்புங்கள். டேப்லெட் செய்யாததைச் சிறுவர் அலமாரி செய்யலாம். செய்யாவிட்டாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

'இலவசம் என்றால் தரம் இருக்காதே' என்று அண்ணன் சொல்வார். முதலில் அது இலவசமே இல்லை. 1948-லேயே நமக்குப் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது, சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகச் சேர்த்து வாங்குகிறார்கள். உங்கள் வீட்டு உரிமையாளர் அரையாண்டுக்கு 2,000 வரி கட்டினால் அதற்குமேல் 200 நூலகத்துக்கு. அவர் அதைத் தன் கைக்காசிலிருந்தா தருகிறார்? உங்கள் வாடகையிலிருந்துதான். இத்தனை வருடமாகக் கட்டிய பணத்துக்கு ஒரு நாள்கூடப் போய் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

கிளை நூலகம் போதவில்லை என்றால் எழும்பூரில் கன்னிமாரா இருக்கிறது. 1896-ல் திறந்தது. இந்தியாவில் வெளியாகும் நூல்களைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தனி இடமும் உண்டு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனிப் பகுதி இருக்கிறது. ஆனால் தண்டையார்பேட்டையிலிருந்து தினமும் அது சரிப்படாது, பயணத்திலேயே பொழுது போய்விடும். எப்போதாவது ஒரு ஞாயிறு, பையனுக்குக் குழந்தைகள் பிரிவைக் காட்ட அழைத்துப் போகலாம். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் உங்களுக்கும் மகளுக்கும் செலவும் இல்லை. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் சொற்பக் கட்டணத்தில் படிக்க இடம் தருகிறார்கள். அந்தப் பக்கம் உறவினர் யாராவது இருந்தால் அதுவும் ஒரு வழி.

வகுப்பும் வேண்டும் என்று மகள் நினைத்தால் அதற்கும் ஊர் தாண்ட வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் தமிழக அரசு போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் நடத்துகிறது, இலவசம். மெட்ரோவில் 'சர் தியாகராயா கல்லூரி' என்று அறிவிப்பு வருமே, அதே கல்லூரிதான். உங்கள் வீட்டிலிருந்து கைதூரம். விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு வரும்போது தவறவிடாதீர்கள், எல்லோருக்கும் இடம் கிடைக்காது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது. அங்கேயும் டிஎன்பிஎஸ்சிக்கு இலவச வகுப்பு நடக்கும்.

ஆண்டுச் செலவை நானே கொஞ்சம் தாராளமாகப் போடுகிறேன். பதிவு 150, தேர்வுக் கட்டணம் 100. ஜெராக்ஸ், நோட்டு, இரண்டு மூன்று கைடு 2,500. கடைசி மூன்று மாதம் மாதிரித் தேர்வு வைக்கும் ஒரு நல்ல டெஸ்ட் பேட்சில் மட்டும் சேர்ந்தால் 3,000. டீ, வடைக்கு மாதம் 600 வீதம் 7,200. வடையையும் சேர்த்து 13,000. அதுவும் மாதா மாதம் கையிலிருந்து போகிற காசு, கடன் ஒரு ரூபாய் இல்லை.

இனி எஸ்ஐபி. அதை எடுக்கத்தான் போகிறீர்கள், ஆனால் கோச்சிங்குக்கு இல்லை. இப்போதெல்லாம் எஸ்ஐபியை நிறுத்தச் சொன்னால் சாபம் கொடுத்தது போலப் பார்க்கிறார்கள். 12 சதவீதம் வரும் என்ற நம்பிக்கையில் ஒரு பக்கம் 62,000 போட்டு வைத்துக்கொண்டு, மறுபக்கம் அடகுக் கடைக்கு 24 சதவீதம் கட்டுவது என்ன முதலீடு? அந்தப் பணத்தை எடுங்கள். 60,000 கட்டி வளையலை மீட்டுங்கள். அதே வளையலை வங்கியில் வையுங்கள். இரண்டு வருடத்தில் தங்கம் ஏறிய ஏற்றத்துக்கு அதற்கு 90,000 கிடைத்துவிடும், ஆனாலும் மீட்பதற்கு முன்பே எடையைச் சொல்லி வங்கியில் விசாரித்துவிடுங்கள். அந்த 90,000-ஐக் கொண்டுபோய்ச் செயினை மீட்டுங்கள். செயின் கழுத்துக்கு வந்துவிடும், கடன் ஒன்றரை லட்சத்திலிருந்து 90,000 ஆகிவிடும்.

வங்கி நகைக் கடன் ஆண்டுக்கு ஒன்பதரை சதவீதம் என்று வைத்தால் மாத வட்டி சுமார் 710. இப்போது கட்டுவது 3,000. அதே மூவாயிரத்தைத் தொடர்ந்து வங்கியில் கட்டினால் மூன்று வருடத்துக்குள் அசலும் தீரும். அடகுக் கடையில் மூவாயிரம் கட்டிக் கட்டி அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லையே. மாதம் 2,000 எஸ்ஐபியையும் கடன் முடியும்வரை நிறுத்துங்கள். டேப்லெட் தவணை முடிந்ததும் அந்த 2,900-ஐயும் இதிலேயே சேர்த்தால் இன்னும் சீக்கிரம் முடியும். டேப்லெட்டை இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிக்கச் சொல்லிப் போன் வரும், எடுக்காதீர்கள்.

கடைசியாக அண்ணன். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆள் சேர்த்துவிட்டால் அவருக்கு ஏதாவது கிடைக்குமா என்று மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். மறுப்பது கஷ்டம் என்றால் மறுக்கவே வேண்டாம். 'இந்த வருஷம் லைப்ரரியில படிக்கட்டும்ணே, ரிசல்ட் பார்த்துட்டு யோசிக்கலாம்' என்று மகளையே சொல்ல விடுங்கள். படிக்கிற பிள்ளை சொன்னால் சபையில் எடுபடும். உங்கள் ஆதார் நகலும் பான் கார்டும் அவர் போனில் இருந்தால் அழிக்கச் சொல்லுங்கள், ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள். குழுக் கடனில் அவருக்காக எடுத்த 20,000-ல் எவ்வளவு திரும்பி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு பைசாகூட வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். வாரம் 750-ல் அவர் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, வரும் வாரத் தவணைக்கு முந்தின நாளே நாத்தனார் எதிரில் அதைக் கேளுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.