ஆய்வுத் தலைப்பு: பிடித்ததா, முக்கியமானதா?

‘ஆய்வுப் பட்டத்துக்குப் பிடித்த தலைப்பை எடுப்பதா, முக்கியமானதை எடுப்பதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். மேற்பார்வையாளர் ஏற்கெனவே ஏதோ ஒன்றைக் கையில் திணித்திருப்பார், அதுதான் இந்தக் கேள்வி என்று நினைக்கிறேன்.

முக்கியம் என்று சொல்கிறவர் யார் என்று முதலில் பாருங்கள். 1869இல் இலங்கைக் கோப்பியில் துரு நோய் கண்டது. அதை ஆராய 1880இல் மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்தார். தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாருக்கு வேண்டியது மருந்து. அவரோ பூஞ்சை வித்து காற்றில் வந்து, ஈர இலையில் முளைத்து, இலைத்துளை வழியாக உள்ளே இறங்குவதைக் காட்டினார். கோப்பி பிழைக்கவில்லை. ஆனால் தாவர நோயியல் வகுப்பில் இன்றும் அவர் பெயர் வருகிறது, துரைமார் பெயர் வருவதில்லை.

நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை. அம்மா கொழுந்து எடுத்தவர். கூடைக் கயிறு அழுத்திய இடத்தில் அவருக்கு முடியே இல்லை. மழை நாளில் ஈரக் கொழுந்து கூடையை இழுக்கும். மடுவத்தில் நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோ கழிப்பார்கள். கழித்த கிலோவையும் சுமந்தது அம்மாவின் கழுத்துதானே? அந்தக் கழுத்துச் சுமையை அளக்கத்தான் ஆசைப்பட்டேன். தேர்வுக்குழுவில் ஒருவர், “இது விஞ்ஞானமா, சமூக சேவையா? தேயிலைக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள்” என்றார். சரி என்று தேயிலை இலையில் வரும் கொப்புள நோயை எடுத்தேன்.

தேயிலை ஆய்வு வீண் என்று சொல்கிறேன் என யாரும் சண்டைக்கு வரவேண்டாம். தேயிலை படுத்தால் எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுப்பு எரியாது. 1946இல் இங்கே வந்த அந்த நோய் மழைக்காலத்தில் இளங்கொழுந்தையே பிடிக்கும். நுணுக்குக்காட்டியில் பார்க்கப் பார்க்க எனக்கும் பிடித்துப்போனது, உண்மை. ஆனால் செடிக்கென்று 1925இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. கழுத்துக்கு எது இருக்கிறது? பட்டம் முடிந்தபின் உடலியக்க மருத்துவம் படித்த தோழியோடு விடுமுறைகளில் அதை அளக்கத் தொடங்கினேன். காசு எங்கள் சொந்தக் காசு.

அதனால், சம்பளம் தருகிற தலைப்பை எடுங்கள், பிடித்ததைக் கைவிடாதீர்கள். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உங்கள் படிப்புக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பேசட்டும்.

இன்னொன்று. லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதமெல்லாம் தோட்டத்துக் காரியாலயத்துக்குத்தான் போகும். என் நேர்முகக் கடிதம் அங்கேயே கிடந்து, தேதி முடிந்தபிறகு கைக்கு வந்தது. விண்ணப்பத்தில் டவுனில் யாராவது சொந்தக்காரர் முகவரியைப் போடுங்கள்.