‘டு’ விடுபடவில்லை

அன்புள்ள ஐயா,

தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். சென்ற வாரம் ‘ஐ டோல்ட் ஹிம் டு கோ’, ‘ஐ மேட் ஹிம் கோ’ என்ற இரண்டு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதினேன். முதலாவதில் இருக்கும் ‘டு’ இரண்டாவதில் ஏன் இல்லை என்று ஒரு மாணவி கேட்டாள். ‘மேக்’, ‘லெட்’ போன்ற வினைகளுக்குப் பின் ‘டு’ விடுபடும், மனப்பாடம் செய்துகொள் என்றேன். உடனே இன்னொரு மாணவன், “ஒருவனைப் பற்றிச் சொன்னால் ‘கோஸ்’ என்று வரவேண்டும் என்றீர்களே, ‘மேட் ஹிம் கோஸ்’ என்று ஏன் வரவில்லை?” என்றான். நான் சொன்ன பதிலில் எனக்கே நிறைவில்லை. இதை எப்படி விளக்குவது?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். அந்த இரண்டு பிள்ளைகளும் கேட்டவை நல்ல கேள்விகள். மாணவனின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கான பதில் அவனுடைய நாவிலேயே இருக்கிறது. ‘அவனைப் போகச் செய்தேன்’ என்று சொல்லும் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் ‘அவனைப் போகிறான் செய்தேன்’ என்று சொல்வதில்லை. ‘போக’ என்பது வினையெச்சம், நன்னூல் ‘செய’ என்ற வாய்பாட்டில் வைக்கும் எச்சம். போவது ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று அந்தச் சொல் காட்டாது. முன்னிலையா படர்க்கையா என்றும் காட்டாது. திணை, பால், எண், இடம் எல்லாவற்றையும் ‘செய்தேன்’ என்ற முற்று தாங்கிக்கொள்கிறது. ‘மேட் ஹிம் கோ’ என்பதில் ‘கோ’ அப்படிப்பட்ட எச்சமே. முற்றுக்கு உரிய ‘எஸ்’ எச்சத்தில் ஒட்டாது. ‘ஹிம்’ வருவதும் இதனால்தான். ‘அவன்’ இங்கே எழுவாயாக நிற்கவில்லை, ஐ வேற்றுமை ஏற்று ‘அவனை’ ஆகிவிட்டான். இதைக் கற்பிக்கும்போது பெயர்ச்சொல்லை விட்டுவிட்டுப் பிரதிப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘லெட் ரவி கோ’ என்றால் ரவி எந்த வேற்றுமையில் நிற்கிறான் என்பது கண்ணுக்குத் தெரியாது. ‘லெட் ஹிம் கோ’, ‘லெட் தெம் கோ’ என்றால் தெரிந்துவிடும்.

மாணவியின் கேள்வியில் தமிழ் அவ்வளவு தூரம் கைகொடுக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ‘போகச் சொன்னேன்’, ‘போகச் செய்தேன்’, ‘போக விட்டேன்’, ‘போக அனுமதித்தேன்’ ஆகிய நான்கிலும் நமக்கு ஒரே ‘போக’தான். ஆங்கிலமோ ‘டெல்’, ‘அலோ’ இரண்டுக்கும் ‘டு’ சேர்த்து, ‘மேக்’, ‘லெட்’ இரண்டுக்கும் சேர்க்காமல் விடுகிறது. ‘ஹி மேட் மீ டு வெயிட்’ என்று நம் பிள்ளைகள் எழுதுவது கவனக்குறைவால் அன்று. நான்கையும் ஒரே வார்ப்பில் வார்த்துப் பழகிய மனம் அப்படித்தான் எழுதும்.

ஆனால், ‘டு’ விடுபடும் என்று அவளிடம் சொன்னதை நீங்கள் திருத்திக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நம் பாடநூல் மரபு முழுவதும் அப்படித்தான் சொல்லிவருகிறது, அது உங்கள் பிழையன்று. ஆனாலும் வரலாறு அதற்கு நேர் எதிரானது. கி.பி. 1100க்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் ‘பாட’ என்பதற்குச் சொல் ‘சிங்கன்’. ‘டு’ என்ற முன்னொட்டு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை, இறுதியில் நிற்கும் ‘அன்’ விகுதியே இது எச்சம் என்று காட்டிவிட்டது, நம் ‘பாட’ என்பதில் அகர ஈறு காட்டுவதைப் போல. ‘பாடுவதற்கு’ என்று நோக்கத்தைச் சொல்லத் தனியே ‘டோ சிங்கென்னே’ என்ற வடிவம் இருந்தது. அடுத்த சில நூற்றாண்டுகளில் இந்த ஈறுகள் தேய்ந்து உதிர, எச்சத்தை அடையாளம் காட்டும் வேலையை ‘டு’ மெல்ல மெல்லத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அப்படிப் பரவியபோது அது சென்று சேராத இடங்கள் சில உண்டு. ‘ஐ கேன் கோ’ என்பதில் ‘டு’ ஏன் இல்லை என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. ‘லெட் ஹிம் கோ’ என்பதும் அதே பழைய குடியைச் சேர்ந்தது. அங்கே ‘டு’ இருந்து விடுபடவில்லை, வந்து சேரவே இல்லை.

‘மேக்’ மட்டும் சற்று ஊசலாடிய வினை. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் 23ஆம் சங்கீதம் ‘ஹி மேக்கெத் மீ டு லை டவுன்’ என்று ‘டு’ சேர்த்தே சொல்கிறது. அன்று இரு வடிவங்களும் வழங்கின. பிற்காலத்தில் செய்வினையில் ‘டு’ இல்லாததும், செயப்பாட்டுவினையில் ‘டு’ உள்ளதும் நிலைத்தன. ஆகவே, ‘தே மேட் மீ வெயிட்’ என்பதைத் திருப்பினால் ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்’ என்று ஆகிறது. தேர்வில் மதிப்பெண் போகிற இடம் இது, அவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். ‘ஹெல்ப்’ இன்றும் இரண்டு விதமாகவும் வரும், அதில் பிழை காணத் தேவையில்லை.

வகுப்பில் காட்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. யாரிடமாவது இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் வாங்கி, குடியரசுத் தலைவர் பெயரால் விடுக்கப்படும் வேண்டுகோளைப் படிக்கச் சொல்லுங்கள். ‘டு அலோ த பேரர் டு பாஸ் ஃப்ரீலி வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்’ என்று அதில் இருக்கும். பிரெஞ்சு வழியாக வந்த ‘அலோ’ தனக்குப் பின் ‘டு பாஸ்’ என்று கேட்கிறது. அங்கே ‘லெட்’ என்று எழுதியிருந்தால் வெறும் ‘பாஸ்’ போதுமானதாக இருந்திருக்கும். அதே வரியின் கடைசியில் வரும் ‘லெட்’ தடை என்று பொருள்படும் வேறொரு பழஞ்சொல், விடுவது என்ற பொருளுடைய வினை அன்று. ‘அலோ’, ‘பெர்மிட்’, ‘ஃபோர்ஸ்’, ‘காஸ்’ எனப் பிற்காலத்தில் பிரெஞ்சிலிருந்து வந்து குடியேறிய வினைகள் பெரும்பாலும் ‘டு’ கேட்பவை. ஆயினும் இதை விதியாக்கிவிடாதீர்கள், ‘டெல்’ பழைய ஆங்கிலச் சொல்லாக இருந்தும் ‘டு’ கேட்கிறது.

பொருள் வேறுபாட்டைச் சொல்லித்தர மீண்டும் தமிழுக்கே வாருங்கள். ‘அழ வைத்தாள்’ என்பது ‘மேட் ஹிம் க்ரை’. ‘அழ விட்டாள்’ என்பது ‘லெட் ஹிம் க்ரை’. முதலாவதில் அழுகைக்குக் காரணமே அவள்தான். இரண்டாவதில் அழுகை ஏற்கெனவே அவனிடம் இருந்தது, அவள் தடுக்கவில்லை. இந்த இரண்டு துணைவினைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் வேறு விளக்கம் வேண்டியதில்லை. ‘ஹேவ்’ சற்றுக் கடினம். ‘ஐ ஹேட் ஹிம் ரிப்பேர் த ஃபேன்’ என்பதில் வற்புறுத்தலும் இல்லை, அனுமதியும் இல்லை. ‘அவரைக் கொண்டு மின்விசிறியைப் பழுது பார்த்தேன்’ என்பதே அதற்கு நெருக்கமான தமிழ்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ‘சீ’, ‘ஹியர்’ ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை வந்தால் வேறுபாடு இன்னும் நுட்பமாகிறது. முன்பு ஒரு விபத்து வழக்கின் சாட்சியத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ‘ஐ சா ஹெர் கிராஸ் த ரோட்’ என்ற வரியை, ‘அவர் சாலையைக் கடந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்’ என்று எழுதிவிட்டேன். வழக்கறிஞர் அந்த வரியை மட்டும் கோடிட்டுத் திருப்பி அனுப்பினார். நான் எழுதியது ‘கிராஸிங்’ என்ற சொல்லுக்குப் பொருந்தும். அப்போது அவர் நடுச்சாலையில் நின்ற ஒரு கணத்தைச் சாட்சி பார்த்தார் என்று மட்டுமே ஆகும், எதிர்ப்புறம் போய்ச் சேர்ந்தாரா என்பது தெரியாது. வெறும் ‘கிராஸ்’ என்றால், இந்த ஓரத்தில் கால் எடுத்து வைத்ததிலிருந்து அந்த ஓரத்தை அடைந்தது வரை முழுவதையும் கண்டதாகச் சாட்சி சொல்கிறார். ‘அவர் சாலையைக் கடந்து மறுபுறம் சேர்ந்ததைப் பார்த்தேன்’ என்று திருத்திக் கொடுத்தேன்.

அன்புடன்.