டிபேட்ல பேசறவர விட்டுட்டு கேக்கறவர் மூஞ்சிய பாருங்க

கேள்வி: அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் டிவி விவாதத்த ஒன்றரை மணி நேரம் உக்காந்து முழுசா பாக்கறதுல ஏதாவது பிரயோஜனம் இருக்கா? மறுநாள் ரெண்டு நிமிஷ கிளிப் பார்த்தா போதாதா?

முதல்லயே சொல்லிடறேன், நான் எந்தக் கட்சியும் கிடையாது, எனக்கு இந்த ஊர்ல ஓட்டும் கிடையாது. கிரீன் கார்டு க்யூல 2014ல இருந்து நிக்கறேன். அதனால கீழ வந்து "நீ அந்தாளு பக்கம், இந்தாளு பக்கம்"னு ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ். போன தடவ ஒரு பதில் எழுதி ரெண்டு பக்கமும் திட்டு வாங்கினேன்.

நீங்க அநேகமா இங்க வந்து ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகியிருக்கும், வீட்ல யாரோ டிபேட் பாக்கணும்னு டிவிய புடிச்சு வச்சிருப்பாங்க, அந்தக் கடுப்புல கேக்கறீங்கன்னு நினைக்கிறேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க. நானும் உங்கள மாதிரி கிளிப் கோஷ்டி தான். ஒரே ஒரு டிபேட் தான் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பார்த்தேன், 2024 ஜூன் 27, பைடனும் டிரம்ப்பும். அதுவும் எங்க அப்பா இருந்ததால.

அப்பா கும்பகோணம் டிப்போல 31 வருஷம் கண்டக்டர், அதுல பாதி நாள் யூனியன் கிளைச் செயலாளர். ஏப்ரல்ல வந்திருந்தார், ஆறு மாசத்துக்கு. நாங்க இருக்கறது அல்ஃபாரெட்டா, அட்லாண்டால இருந்து வடக்க. டிபேட் நடந்தது அட்லாண்டால சிஎன்என் ஸ்டுடியோல. அன்னிக்கு பகல் முழுக்க அவருக்கு கிரிக்கெட்டு, டி20 உலகக் கோப்பை செமி ஃபைனல், கயானால மழ விட்டு விட்டு பெஞ்சு ஒரு வழியா இங்கிலாந்த 103க்கு சுருட்டி 68 ரன்ல ஜெயிச்சோம்ல, அந்த மேட்ச். அந்த சந்தோஷத்துல சாயங்காலம் நல்ல மூடுல இருந்தார். நைட்டு ரெண்டு பேரும் மோதறாங்கப்பா, நம்ம ஊர்ல தான்னு சொன்னதும் "எத்தன மைலு? கிளம்பினா இடம் கிடைக்குமா?"ன்னு சட்டைய மாத்த எழுந்துட்டார். பொதுக்கூட்டம்னு நினைச்சுட்டார். இல்லப்பா, ஆடியன்ஸே கிடையாது, காலி ஸ்டுடியோல ரெண்டு பேரும் நிப்பாங்க, கேள்வி கேக்க ரெண்டு பேரு, ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தர் மைக்க ஆஃப் பண்ணிடுவாங்கன்னு சொன்னேன். "கூட்டம் இல்லாம யாருகிட்டம்மா பேசுவாங்க?"ன்னார். எனக்கு பதில் தெரியல.

ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சுது. ரெண்டு பேரும் கையே குடுத்துக்கல, நேரா வந்து நின்னுட்டாங்க. ஆளுக்கு ஒரு பேனா, ஒரு நோட்பேடு, ஒரு தண்ணி பாட்டில், வேற எந்தக் குறிப்பும் கொண்டு வரக்கூடாதுன்னு ரூலு. பைடனுக்கு தொண்ட கட்டியிருந்துச்சு. பத்து பன்னெண்டு நிமிஷம் இருக்கும், கடன் பத்தி என்னவோ ஆரம்பிச்சவர் கோவிட்னு போயி, அங்க தடுமாறி, ஒரு நொடி அப்படியே நின்னு, கடைசில "நாம மெடிகேர தோக்கடிச்சுட்டோம்"னு முடிச்சார். மெடிகேர்ங்கறது வயசானவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற மருத்துவக் காப்பீடு, அத யாரும் தோக்கடிக்கக் கூடாது. அதுக்குள்ள டைம் முடிஞ்சு, கேள்வி கேக்கற ரெண்டு பேர்ல ஒருத்தரான ஜேக் டாப்பர் தேங்க்யூ சொல்லிட்டார். இங்கிலீஷ் பாதி புரியாத அப்பா டக்குனு, "டபுள் விசில் குடுத்துட்டான்யா, ஆளு இன்னும் படில நிக்கிறாரு"ன்னார். நான் சிரிச்சுட்டேன். அவர் சிரிக்கல.

அப்புறம் உள்ள பையன் முழிச்சுக்கிட்டான். ரெண்டு வயசு, ஒரு சத்தம் கேட்டா அவ்வளவு தான், பன்னெண்டு மணி வரைக்கும் ஆட்டம். டிவிய ம்யூட்ல போட்டு கீழ எழுத்து வர்ற மாதிரி வச்சேன். அப்பா கண்ணாடிய தூக்கி தூக்கி பார்த்துட்டு, "அத எடுத்துடும்மா, கழுத்த மறைக்குது"ன்னார். கழுத்தப் பார்த்து என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டுட்டே எடுத்துட்டேன். நான் ஃபோன்ல எழுத்து வடிவத்த ஓட விட்டுக்கிட்டேன், வீட்டுக்காரர் இன்னொரு பக்கம் ஃபோன்ல எது பொய் எது நிஜம்னு பாத்துட்டு இருந்தார், அப்பா மட்டும் சத்தமே இல்லாத டிவிய பார்த்துட்டு இருந்தார். கிட்டத்தட்ட நாப்பது நிமிஷம்.

ஸ்க்ரீன ரெண்டா பிரிச்சு ரெண்டு மூஞ்சியும் காட்டிட்டே இருந்தாங்க இல்லையா, அதுல அப்பா பேசற ஆள பாக்கவே இல்ல. பேசாத ஆள மட்டும் பார்த்தார். டிரம்ப் பேசறப்ப பைடன் வாய் லேசா திறந்து, கண்ணு எங்கயோ குத்தி நின்னு, அப்படியே இருந்தார். "வாய மூடச் சொல்லும்மா யாராச்சும்"னு அப்பா நிஜமாவே டிவிகிட்ட சொன்னார்.

அவர் சொன்ன கணக்கு இது தான். யூனியன் பேச்சுவார்த்தைக்குப் போனா எங்காளு ஒருத்தனுக்கு பேசற வேலையே கிடையாது, சும்மா உக்காந்து எதிர்ப்பக்கம் பேசாம இருக்கறவன் மூஞ்சிய பாக்கணும். ஜி.எம். "காசே இல்ல"ம்பாரு, பக்கத்துல உக்காந்திருக்கற அக்கவுண்ட்ஸ் ஆபீசர் ஃபைல புரட்டற தினுசுல தெரிஞ்சிடும், இருக்கா இல்லையான்னு. பேசறவன் தயார் பண்ணிட்டு வருவான், கேக்கறதுக்கு எவனும் தயார் பண்ண மாட்டான். அதனால எதிராளி பேசறப்ப வாய மூடு, பேனாவத் திற, ஒண்ணும் எழுத இல்லன்னா கோடாவது போடு.

எனக்கு அப்போ கோவம் தான் வந்துச்சு. ஏன்னா அந்தப் பக்கம் டிரம்ப் சொன்னதுல எத்தனையோ அப்பட்டமான பொய்னு வீட்டுக்காரர் ஒவ்வொண்ணா படிக்கறார், கேள்வி கேட்ட ரெண்டு பேரும் அத நிறுத்தித் திருத்தவும் இல்ல, இவர் என்னடான்னா வாயி கழுத்துன்னு பேசிட்டு இருக்கார். தோற்றத்த வச்சு ஒரு மனுஷன எடை போடறது தப்பு இல்லையா? அப்பா "பொய்யி வேறம்மா, அது அப்புறம் பாத்துக்கலாம். இவர இப்பவே இறக்கி உக்கார வைக்கணும், உடம்பு தாங்கல"ன்னார். 81 வயசுல நாடு ஆள்றவர, 72 வயசுல என் சோபால உக்காந்துக்கிட்டு. நான் பட்டுனு சொல்லிட்டேன், "உங்களுக்கு இங்கிலீஷ் புரியலப்பா, அதான் மூஞ்சிய பார்த்து கத கட்டறீங்க."

அவர் ஒண்ணும் சொல்லல. போர்வைய மடிச்சு வச்சுட்டு உள்ள போயிட்டார். அப்போ டிவில ரெண்டு பேரும் யாரு கோல்ஃப் நல்லா ஆடறதுன்னு சண்ட போட்டுட்டு இருந்தாங்க. சத்தியமா. உலகத்துல ரெண்டு போர் நடக்குது, இவங்க கோல்ஃப். முடிச்சுட்டு பைடன் நடு ராத்திரி இங்க பக்கத்துல மரியெட்டால ஒரு வாஃபிள் ஹவுஸ் போயிருக்கார். டிபேட் எப்படிப் போச்சுன்னு கேட்டதுக்கு நல்லாப் பண்ணினோம்னு தான் நினைக்கிறேன், பொய் சொல்றவர்கூட விவாதம் பண்றது கஷ்டம்னு சொல்லியிருக்கார்.

அப்பா சொன்னது தப்புன்னு நிரூபிக்கணும்னே அன்னிக்கு ராத்திரி உக்காந்து தேடினேன், தேடத் தேட அவர் பக்கமே சாயுது. 1960ல முதல் டிவி டிபேட், கென்னடி - நிக்ஸன். நிக்ஸன் முட்டி காயத்துல ஆஸ்பத்திரில இருந்து வந்து எடை குறைஞ்சு, மேக்கப் சரியாப் போடாம, கென்னடி பேசறப்ப அவர் வேர்வை துடைக்கறது காமிரால விழுந்துச்சு. ரேடியோல கேட்டவங்க நிக்ஸன் ஜெயிச்சார்னு நினைச்சாங்கன்னு ஒரு கத சொல்வாங்க, அதுக்கு ஆதாரம் ரொம்ப வீக்குனு சொல்றவங்களும் இருக்காங்க, அதனால அத நான் எடுத்துக்கல. 1992ல ரிச்மண்ட்ல ஒரு பொண்ணு எந்திரிச்சு கேள்வி கேக்கறப்ப பெரிய புஷ் (அப்பா புஷ்) கடிகாரத்த பார்த்தார், பேசினது எதுவும் யாருக்கும் ஞாபகம் இல்ல, அந்த மணிக்கட்டு மட்டும் இன்னிக்கும் ஓடுது. 2000ல அல் கோர், சின்ன புஷ் பேசறப்பல்லாம் பெருமூச்சு விட்டார், அது மைக்ல கேட்டுச்சு. பேச்சுல அவர் தான் கெட்டின்னு நிறைய பேர் சொன்னாங்க, என்ன பிரயோஜனம். இவங்க எல்லாருமே மாட்டினது அடுத்தவர் பேசறப்ப தான்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது 1976, ஃபோர்டும் கார்ட்டரும் பிலடெல்பியால. நடுவுல ஆடியோ புட்டுக்கிச்சு, 27 நிமிஷம். ரெண்டு பேரும் கிட்டப் போயி கை குடுக்கவும் இல்ல, மேடைல சிலை மாதிரி நின்னாங்க. எங்க வீட்ல நான் ம்யூட் பண்ணது அவங்களுக்கு தானா நடந்திருக்கு.

அதனால உங்க கேள்விக்கு என் பதில், கிளிப்ல இது கிடைக்காது. கிளிப் வெட்டறவன் பேசற ஆள பெருசாக்கி, டயலாக் முடிஞ்சதும் நிறுத்திடுவான். கேக்கறவர் மூஞ்சி ஒன்றரை மணி நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா மாறறது முழுசா பார்த்தா தான் தெரியும்.

இப்ப ஒண்ணு சொல்லணும், சம்பந்தம் இல்லன்னு தோணினா தாண்டிப் போயிடுங்க. ஆபீஸ்ல (பேர் வேணாம்) போன வருஷ ரிவ்யூல எனக்கு எழுதினாங்க, மீட்டிங்ல நான் ஈடுபாடா தெரியலையாம். கோவிடுக்கு அப்புறம் காமிரா ஆன்ல தான் இருக்கணும்னு ஆக்கிட்டாங்க. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் லீடு, யார் என்ன பக் (சாஃப்ட்வேர்ல இருக்கற தப்பு) சொல்றாங்கன்னு குனிஞ்சு நோட்ல எழுதிட்டு இருப்பேன், குனிஞ்சா உச்சந்தலை தான் தெரியும், அதுக்கு நான் என்ன பண்ண? எங்க டீம்ல ஒருத்தன் இருக்கான், ஒரு மணி நேரமும் பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டுவான், கடைசில "இத இன்னொரு தடவ சொல்ல முடியுமா"ம்பான். அவனுக்கு தான் ப்ரமோஷன். நான் எழுதின நோட்ட தான் ரிலீஸ் அன்னிக்கு எல்லாரும் கேட்டு வாங்கினாங்க, அவனும் தான் கேட்டான். இத அப்பாகிட்ட சொன்னப்ப "நடுநடுவுல நிமிர்ந்து பாக்கணும்மா"ன்னு எனக்கே அட்வைஸ். கடுப்பா இருந்துச்சு. ஆனா இப்பல்லாம் நிமிர்ந்து பாக்கறேன்.

அதுக்காக அப்பா கணக்கு எல்லாத்துக்கும் செல்லும்னு சொல்ல வரல, யாராச்சும் பாயறதுக்குள்ள நானே சொல்லிடறேன். செப்டம்பர் 10 பிலடெல்பியால கமலா ஹாரிஸ் - டிரம்ப் டிபேட். இவங்களே நடந்து போய் கை குடுத்தாங்க, அவர் ஸ்பிரிங்ஃபீல்டுங்கற ஊர்ல வெளிநாட்டுல இருந்து குடியேறினவங்க நாய சாப்பிடறாங்கன்னு சொன்னப்ப இவங்க சிரிச்சாங்க, நடுநடுவுல கன்னத்துல கைய வச்சு சின்னப் பிள்ளைய பாக்கற மாதிரி பார்த்தாங்க. "கேக்கத் தெரிஞ்ச பொம்பள"ன்னு அப்பா சர்டிஃபிகேட் குடுத்துட்டார். கமலாவோட தாத்தா ஊர் துளசேந்திரபுரம், அந்தப் பாசமும் கொஞ்சம் இருக்கும், மன்னார்குடி ரூட்ல எத்தனையோ வருஷம் டிக்கெட் கிழிச்சவர். நவம்பர்ல அவங்க தோத்ததும் ஊருக்கு ஃபோன் போட்டேன், கொஞ்சம் நக்கலா தான். "டிக்கெட் சரியா தான்மா குடுத்தேன், வண்டி வேற ஊருக்கு போயிடுச்சு"ன்னார்.

ஒண்ண விட்டுட்டேன். ஜூலை 21, ஞாயித்துக்கிழம. நானும் அப்பாவும் இந்தியன் கடைல காய் எடுத்துட்டு இருந்தோம். ஜூன் 27 ராத்திரி சொன்னதுக்கு நான் ஸாரியும் கேக்கல, அவரும் அந்தப் பேச்ச எடுக்கல, மறுநாள் காலைல வழக்கம் போல காபி போட்டுக் குடுத்தார், அதோட போச்சு. கடைல ஃபோன் டிங்டிங்னு அடிக்குது, எடுத்துப் பார்த்தா பைடன் போட்டில இருந்து விலகிட்டார். அப்பாகிட்ட காட்டினேன். நான் அன்னிக்கே சொன்னேன்லன்னு கேப்பார்னு நினைச்சு பதிலெல்லாம் தயாரா வச்சிருந்தேன். ஃபோட்டோவ கொஞ்ச நேரம் பார்த்தார். "வீட்ல யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாம், பாவம்"னு ஃபோன திருப்பிக் குடுத்துட்டு, என் கைல இருந்த சுரைக்காய வாங்கி நகத்தால ஒரு அழுத்து அழுத்தினார். நகம் இறங்கல. "முத்தல், வேற எடு"ன்னார். உள்குத்து எதுவும் இல்லங்க, நிஜமாவே முத்தல் தான்.