விறகுக்கு அடியில் ஓடியது சாலமாண்டரா?

பாலை மர விறகைப் புரட்டும்போது மினுமினுவென்று ஒன்று ஓடியது, அது காட்டுச் சாலமாண்டரா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. இல்லை, அது அரணையாகத்தான் இருக்கும். வன்னியில் மட்டுமல்ல, இலங்கையில் எங்குமே சாலமாண்டர் கிடையாது. அரணைக்குச் செதிலும் நகமும் உண்டு. காட்டுச் சாலமாண்டருக்கு இரண்டும் இல்லை. பார்த்தால் பல்லி மாதிரி, ஆனால் தவளைக்குத்தான் சொந்தம்.

வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் செம்முதுகுச் சாலமாண்டர் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். முன்காலில் 4 விரல், பின்காலில் 5. அதற்கு நுரையீரலே இல்லை! ஈரத் தோலாலும் வாயின் உட்தோலாலும்தான் மூச்சு. தோல் காய்ந்தால் கதை முடிந்தது. அதனால் பகலெல்லாம் உக்கிய மரத்துக்கு அடியில் கிடந்து, ஈரமான இரவுகளில் வந்து எறும்பு, கறையான், சிலந்தி பிடிக்கும். நம்முடைய ஆடி வெயிலில் ஒரு நாள் தாங்காது. வாலைப் பாம்பு கவ்வினால் வாலை விட்டுவிட்டுத் தப்பும், பிறகு வளரும்.

எனக்குப் பிடித்தது அதன் தாய்தான். குளம் குட்டை தேடாது. உக்கிய கட்டையின் பொந்துக்குள் சில முட்டைகளைக் குலையாகத் தொங்கவிட்டு, ஏறக்குறைய 2 மாதம் சுற்றிப் படுத்துக் காவல் இருக்கும். வாற்பேத்தைப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்து, குட்டி நாலு காலோடு வெளியே வரும்.

மாரியில் உங்கள் கிணற்றடியையும் பாருங்கள். மரத்தவளை தண்ணீருக்கு மேலே வெள்ளை நுரைக்கூடு கட்டியிருக்கும். அதிலிருந்து வாற்பேத்தைகள் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீரில் விழும்.